கூட யார் போவது

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. கேட்டால் "ஃபைன்மா" என்பாய். வயிற்றில் ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுத்த வாரத்தில்கூட நீ எனக்கு அதைத்தான் சொன்னாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய விமான டிக்கெட் கிடைத்தது. போவதற்கு மட்டும் போட்டிருக்கிறாய், திரும்பி வர இல்லை. அதைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாடா என்றுதான் இருந்தது. அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன். வீட்டை விற்றுத் தர நீ சொல்லி அனுப்பிய ஆளும் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்து, முன்னறையைச் செல்போனிலேயே அளந்துவிட்டு, "ஏர்போர்ட் பக்கம்ல ஆன்ட்டி, சட்டுனு போயிரும்" என்றார். நானும் தலையாட்டினேன். ஃபோனில் உன்னிடம் "சரிடா, வந்துடறேன்" என்று சொன்னதும் நான்தான், யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அதற்குப் பிறகு இங்கே நடந்த கூத்தைத்தான் எழுதுகிறேன். ஃபோனில் சொல்லலாம். ஆனால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும்.

அலுப்பு எதனால் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. லம்பா லைன் பக்கம், ஏர்போர்ட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கட்டினால் என்ன ஆகும் என்று உன் அப்பா யோசித்திருக்க வேண்டும். தீவின் வடக்கே மாயாபந்தரிலிருந்து யார் காலை விமானம் பிடிக்க வந்தாலும் முதல் நாளே நம் வீட்டில் வந்து இறங்குவார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் இங்கேதான், கப்பல் ஒரு நாள் தள்ளிப் போனாலும் இங்கேதான். நீ சின்னப் பையனாக இருந்தபோது உன் கட்டிலில் எப்போதும் யாராவது ஒரு மாமா குறட்டை விட்டுக்கொண்டிருப்பார், நீ தரையில் பாயில் கிடப்பாய். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நம்ம வீடு என்ன சத்திரமாம்மா?" என்று கேட்டாய். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் மறுநாள் அந்தப் போர்வையைத் துவைக்கப் போகிறவள் நான். அப்பா போன பிறகு அந்தக் கூட்டம் குறையும் என்று நினைத்தேன். குறைந்தது. அந்த இடத்தில் என் பள்ளிக்கூடத்துக் கூட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நான் முழுதாகச் சொன்னதே இல்லை. நீயும் கேட்டதில்லை. அப்பாவின் முதல் வருஷத் திதி முடிந்த கையோடு ஒரு வேலையாகப் பாம்பூஃபிளாட் போய்விட்டுப் படகில் சாத்தம் வந்து இறங்கினேன். படகுத்துறை ஜெட்டியில் யாரோ "ஏய், மானிட்டர்!" என்று கத்தினார்கள். பத்தாம் வகுப்பில் நான் கிளாஸ் மானிட்டர். அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட ஆளே இல்லை என்று நினைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் முருகேசன். மர மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். அவனை நான் பார்க்காமல் ஒன்றும் இல்லை. இவ்வளவு சின்ன ஊரில் யாரைப் பார்க்காமல் இருக்க முடியும்? ஆனால் பஜாரில் பார்த்தால் அவன் பக்கத்தில் அவன் பெண்டாட்டி, என் பக்கத்தில் உன் அப்பா, கையில் காய்கறிப் பை. ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மேல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அன்றைக்கு அவன் பக்கத்திலும் யாரும் இல்லை, என் பக்கத்திலும் இல்லை. "இரு முருகேசா, வீட்டுக்குப் போகணும்" என்றேன். "வீட்டுல போய் என்ன பண்ணப் போற? எனக்கும் யாரும் இல்ல. உட்காரு, சாய் சொல்றேன்" என்றான். உட்கார்ந்தேன்.

பிறகு அவனும் நானும் அபர்தீன் பஜாரில் ஜமீலாவின் கடைக்குப் போனோம். அவளை உனக்குத் தெரியும், பெருநாளைக்குப் பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாளே, அவள்தான். அவளும் எங்கள் வகுப்பு. ஹாஸ்டலில் இருந்து படித்த தங்கமணி மட்டும் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை, மாயாபந்தர் பக்கம் என்று கேள்வி. முருகேசன் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மாயாபந்தர் பஸ் கண்டக்டரிடம், "பாய், அங்கன்வாடியில வேலை பார்த்த தங்கமணின்னு ஒரு தமிழம்மா, சிரிச்சா தெத்துப்பல்லு தெரியும், இந்த நம்பருக்குப் பேசச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தான். அந்த வாரமே ஃபோன் வந்தது. முதல் வார்த்தையே, "செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்டி எல்லாரும்" என்றாள்.

பழைய சிநேகிதம் என்றால் உட்கார்ந்து சிரித்துப் பேசுவது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். "உனக்கென்னம்மா, ஜாலியா குரூப்ல இருக்க" என்பாய். ஜாலியாவது ஒன்றாவது. காலையில் எழுந்தால் ரோஜாப்பூப் படம் ஒன்று, வெந்தயம் ஊற வைத்துக் குடித்தால் எல்லா வியாதியும் போய்விடும் என்று ஒரு வீடியோ. பூகோள மேப்பைக் கிழித்தது யார் என்று முருகேசனுக்கும் ஜமீலாவுக்கும் இன்றைக்கும் சண்டை. போன மழைக்காலத்தில் அதற்காகவே ஜமீலா குரூப்பை விட்டு வெளியேறினாள். திரும்பச் சேர்க்க நான் அவள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போய்ச் சமாதானம் பேசினேன். மேப்பைக் கிழித்தது நான். அதை இன்னும் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை, சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்மேல் பாய்வார்கள். இது போதாதென்று தங்கமணி முழங்காலுக்கு ஊசி போட வரும்போதெல்லாம் நம் வீடு. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற ஊரில் விருந்தாளிப் போர்வையைத் துவைத்துப் பார்த்தால்தான் அந்தச் சுகம் தெரியும். சில நாள் மொட்டைமாடியில் கொடியைப் பிடித்துக்கொண்டு, போதும்டா சாமி, எல்லாரும் அவரவர் வீட்டில் இருங்கள் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது உனக்கு விளங்காது. நீ ஊரை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது, மறந்திருப்பாய். இங்கே டாக்டர் ஒருவரை மெயின்லேண்டுக்கு ரெஃபர் பண்ணிவிட்டால் என்ன வியாதி என்று யாரும் முதலில் கேட்கமாட்டார்கள். "கூட யார் போறா?" என்றுதான் கேட்பார்கள். கடலைத் தாண்டி, பாஷை தெரிந்தும் தெரியாமலும், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் போய் நிற்க வேண்டுமே. அட்டெண்டன்ட் இல்லாமல் நோயாளி கிளம்பமாட்டார். பிள்ளைகள் எல்லாருக்கும் வேலை, லீவு கிடைக்காது. அதனால் எங்கள் குரூப்பில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. முருகேசனுக்குக் கண் ஆபரேஷன் என்றபோது ஜமீலாவின் வீட்டுக்காரர் போனார். ஜமீலாவுக்கு நெஞ்சில் அடைப்பு என்று சென்னைக்கு அனுப்பியபோது நான் போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும், ரொம்பக் கோபித்துக்கொண்டாய். "என் ஃபிளாட் இருக்கும்போது ஆஸ்பத்திரி வராந்தாவுல படுக்கணுமா? அவங்க பிள்ளைங்க எங்கம்மா?" என்றாய். ஒருத்தன் துபாயில், ஒருத்தன் கடையில். நான் வராந்தாவில்தான் படுத்தேன். ராத்திரி நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்க ஒருத்தி வேண்டாமா? இடுப்பு போய்விட்டது, அது வேறு விஷயம்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். உன்னிடம் சரி என்று சொன்ன மறுநாள் குரூப்பில் ஒரு வரி போட்டேன்: அடுத்த மாதம் மெயின்லேண்டு போகிறேன், பையன் டிக்கெட் போட்டுவிட்டான். அவ்வளவுதான் எழுதினேன். அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. தும்மினாலே பத்து பதில் வருகிற குரூப், அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலம் வரைக்கும் ஃபோனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டார்களா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. போகிறேன் என்று சொன்னவளும் நான், போகாதே என்று ஒருத்தரும் சொல்லவில்லையே என்று அழுதவளும் நான். சிரிக்காதே.

மறுநாள் ஜமீலா வந்தாள். கையில் உப்பில்லாத கஞ்சி. வந்தவள் என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கணுக்காலை அமுக்கிப் பார்த்தாள். "வீக்கம் இல்லையே புள்ள" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் ஏதோ பாசத்தில் பண்ணுகிறாள் என்று விட்டுவிட்டேன். அவள் போன பிறகு முருகேசன் வந்தான். செத்துப் போன அவன் பெண்டாட்டியின் கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டான். "அங்க ஏசி ஜாஸ்தி, குளிரும். வச்சுக்க" என்றான். முகத்தைப் பார்க்கவே இல்லை. பேச்சையும் வளர்க்காமல், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி வாஷரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். என் வீட்டில் அவன் அப்படிப் பதுங்கிப் பதுங்கி நடந்து நான் பார்த்ததில்லை. உன் ஃபிளாட்டின் ஏசியைச் சொல்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். வயசானால் மூளையும் மெதுவாகத்தான் ஓடும் போல.

அதற்கடுத்த நாள் மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. தங்கமணி இறங்கினாள். விடிவதற்கு முன்னால் முதல் பஸ் பிடித்து, காட்டுக்குள் வண்டிகளை மொத்தமாக விடுகிற கான்வாயில் காத்துக் கிடந்து, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கையில் பெரிய பை, ஃபிளாஸ்க், மடித்துக் கட்டிய பாய்.

"என்னடி, ஊசி போடுற தேதி இது இல்லையே" என்றேன்.

"எனக்கு எதுக்குடி ஊசி? உன்கூட நான்தான் வர்றேன். பேசி முடிச்சாச்சு. ஜமீலாவுக்கே ஹார்ட்டு, அவ வந்தா அவளுக்கு ஒரு ஆளு வேணும். முருகேசன் நான் போறேன் நான் போறேன்னு குதிச்சான். லேடீஸ் வார்டுல உன்னை எவன்டா விடுவான்னு கேட்டேன், அவ்ளோதான், வாயை மூடிட்டான். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். என்ன வியாதின்னு நாங்க யாரும் கேக்க மாட்டோம், உனக்கா தோணும்போது சொல்லு."

அப்போதுதான் விளங்கியது. எங்கள் வயசில் இந்தத் தீவில் ஒருத்தி காரணம் சொல்லாமல் மெயின்லேண்டு போகிறேன் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பையனே டிக்கெட் போட்டுவிட்டான் என்றால் முற்றிய வியாதி. குரூப்பில் சத்தம் வராததற்குக் காரணம், என்னை விட்டுவிட்டுத் தனியாக இன்னொரு குரூப் போட்டு, கூட யார் போவது என்று அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அங்கேயே, வாசலிலேயே, எனக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை தம்பி. வியாதி இல்லை என்று சொன்னால் அடுத்தது என்ன சொல்ல? உங்களை எல்லாம் விட்டுவிட்டு ஒரேயடியாகப் போகிறேன், வீட்டையும் விற்கிறேன் என்று சொல்ல வேண்டும். அந்தப் பாயையும் ஃபிளாஸ்க்கையும் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? வியாதி என்றாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். வெந்நீர் வைத்து அவள் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். அவளோ, "நீ உட்காருடி, நீ பண்ணக் கூடாது" என்று என்னைப் பிடித்துப் பிடித்து உட்கார வைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் நான்கு பேரும் முன்னறையில் உட்கார்ந்தோம். டீயை வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு வியாதியும் இல்லை, பையனோடு இருக்கப் போகிறேன், வீடு பார்க்க ஆள் வந்துவிட்டுப் போயாயிற்று என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஜமீலா இரண்டு கையையும் ஏந்தி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று அழ ஆரம்பித்தாள். "மூணு நாளா தொழுகையில உன் பேரைத்தான் புள்ள சொல்லிட்டு இருந்தேன்" என்றாள். முருகேசனுக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் டீயைக் குடித்தான். பிறகு டம்ளரை டொக்கென்று வைத்தான். "அரே, வியாதி இல்லாம எவளாச்சும் மெயின்லேண்டு போவாளா? பாகல் ஹை க்யா, பைத்தியமா உனக்கு?" என்றான். தங்கமணி முழங்காலைத் தடவிக்கொண்டே, "வீட்டை வித்துட்டியா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "அப்ப அடுத்த ஊசிக்கு வந்தா நான் எங்கடி எறங்குறது?" என்றாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, அப்படிப் பேச அவளுக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

பேச்சை மாற்றத்தான் உன்னைப் பற்றிச் சொன்னேன். பாவம், அவன் தனியாகக் கிடந்தான், மருமகள் சுதா ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போயிருந்த நேரத்தில் ஆபரேஷன் ஆயிற்று, ஏஜென்சியில் ஆள் பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டானாம், வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே சொன்னான் என்றேன். மூன்று பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஜமீலா அழுகையை நிறுத்திவிட்டாள். "கூலிக்கா?" என்றாள். "அட்டெண்டன்ட்டைக் கூலிக்கா வச்சான்?" முருகேசன், "அவன்கூடப் படிச்சவன் ஒருத்தன்கூடவா அந்த ஊர்ல இல்ல?" என்று கேட்டான். இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உன் வகுப்புப் பையன்கள் ஐந்தாறு பேர் சென்னையில்தானே இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தனைக்கூட நீ கூப்பிடவில்லை. தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பாய். அது ஒரு நல்ல குணம் என்று நானே உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன், யார் கண்டது.

தபன் உன்னை விசாரிக்காத நாள் இல்லை. பள்ளியில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன்தான். இப்போது சாத்தம் ஜெட்டி பக்கம் டயர் கடை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்தால், "ஆன்ட்டி, அவன் கைசா ஹை, எப்படி இருக்கான்? நான் மெசேஜ் போட்டா டிக் நீலமாயிடுது, பதில் மட்டும் வரமாட்டேங்குது" என்பான். பிஸி என்று நானும் உனக்காகப் பொய் சொல்லி அலுத்துவிட்டேன். தம்பி, ரிட்டயர் ஆனபின் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நீ நினைக்கிறாய். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இது தீவு, எங்கே சுற்றினாலும் அதே ஜெட்டிக்குத்தான் வந்தாக வேண்டும், அதனால் நாங்கள் தப்பித்தோம். நீ இருக்கிற ஊரில் ஒருத்தனைத் தொலைத்தால் தொலைத்ததுதான். சிநேகிதம் சந்தோஷமாக இருக்கும் என்று உனக்கு ஆசை காட்ட மாட்டேன். முக்கால்வாசி நேரம் அலுப்புதான். போர்வை துவைக்க வேண்டும், வெந்தய வீடியோவைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டும், அற்பச் சண்டைக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். இடுப்பு நன்றாக இருக்கும்போதே இந்த வேலையை ஆரம்பித்துவிடு, அவ்வளவுதான் நான் சொல்வது. இன்றைக்கு அவனுக்கு ஒரு பதில் போடு. பெரிதாக ஒன்றும் வேண்டாம், எப்படிடா இருக்கே என்று போட்டால் போதும்.

என் விஷயம். வீட்டு ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடு. கையும் காலும் ஓய்ந்து, போர்வையைத் தூக்க முடியாமல் போகிற நாள் வரும். அன்றைக்கு நானே வாய் திறந்து சொல்கிறேன், உன்னிடம்தான் வருவேன், வேறு எங்கே போவேன்? அதுவரைக்கும் இந்தச் சத்திரம் திறந்தே இருக்கட்டும். ஆனால் நீ போட்ட டிக்கெட்டை ரத்து செய்யாதே, அந்தத் தேதியில் நான் வருகிறேன். எனக்குத் திரும்பி வர ஒரு டிக்கெட்டும், தங்கமணிக்குப் போக வர டிக்கெட்டும் போடு. ஆமாம், அவளும் வருகிறாள். சும்மா ஊருக்குத் திரும்பிப் போடி, எனக்குத்தான் ஒன்றும் இல்லையே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கட்டின பையை அவிழ்க்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, சொந்தக்காரன் ஒருத்தன் இல்லாம, கூலி ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு படுத்துக் கெடந்திருக்கான்டி. அவனை யாரு போய்ப் பாத்தா? நீ பாத்தியா? இல்லைல்ல? அப்ப சலோ, ரெண்டு பேரும் போவோம்" என்றாள். சால்வையை முருகேசன் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டான், அது உனக்காம். சாவி ஜமீலாவிடம் இருக்கும்.

ஏர்போர்ட்டுக்கு வண்டி மட்டும் அனுப்பாதே, நீயே வா. வந்ததும் தங்கமணி உன் சட்டையைத் தூக்கி, தையல் போட்ட இடம் எது என்று கேட்பாள். ஊரார் பார்க்கிறார்களே என்று கூச்சப்படாதே, காட்டு. வலிக்கிறதா என்று கேட்டால், வலித்திருந்தால் வலித்தது என்று சொல். ஃபைன் என்று சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

அம்மா